முன்னவரும் பின்னவரும்



திருப்பத்தூரிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் சாலை வழியே சென்றால், ஜவ்வாது மலையின்மேல் புதூர்நாடு என்னும் ஊரை அடையலாம். சாமை விளையும் மலைநாடு அது. அங்குள்ள பள்ளி மாணவர் சிலரோடு ஒரு நாள் மாலை அளவளாவும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பேச்சு விளையாட்டின் பக்கம் திரும்பியது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று ஒரு வினாவைக் கேட்டான்.

"ஐயா, மைக் டைசன் ஒரு சின்ன வயதுக்காரரிடம் தோற்றுப்போனதைக் கைப்பேசியில் பார்த்தேன். டைசன் தம்முடைய இளமையில் இருந்திருந்தால் தோற்றிருப்பாரா? பழைய சாம்பியன் பெரியவரா, புதிதாக எழுகிறவர் பெரியவரா?"

அவன் கண்ட போட்டி 2024-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. ஒரு காலத்தில் உலகையே நடுங்கவைத்த டைசனுக்கு அப்போது வயது 58. எதிரே நின்ற ஜேக் பாலுக்கு வயது 27. எட்டுச் சுற்றுகள் முடிந்தபோது நடுவர்கள் இளையவரையே வென்றவராக அறிவித்தார்கள்.

"இதை ஏனப்பா கேட்கிறாய்?" என்றேன். அவன் சற்றே தயங்கினான். பிறகு, "எங்கள் தாத்தா எப்போதும் சொல்கிறார் ஐயா, 'எங்கள் காலத்து ஆளுக்கு நீங்கள் யாரும் ஈடாக மாட்டீர்கள்' என்று. அது மெய்தானா என்று தெரிந்துகொள்ளத்தான்" என்றான்.

நான் அன்று அவனுக்குச் சொன்ன விடை சுருக்கமானது. அவனுக்கு நிறைவு தந்ததாகவும் தோன்றவில்லை. விரிவான விடையை இன்று உங்கள் அனைவருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஒப்பிடுவது மனித இயல்பு. அளத்தல் என்பதே ஒப்பிடுதல்தான். ஒரு கோலை அளவென்று வைத்துக்கொண்டு மற்றொரு பொருளை அதனோடு சேர்த்துப் பார்த்தால்தான், இது இத்தனை முழம் என்று நம்மால் கூற இயலும். ஆகவே ஒப்பிடுவது குற்றமாகாது. எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதை அறியாமல் அளப்பதே குற்றம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டை ஜவ்வாது மலையிலேயே காணலாம். அம்மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி ஒன்று 1986-ஆம் ஆண்டு அங்கே செயற்பாட்டுக்கு வந்தது. குளிர்கால இரவில் வானைப் பாருங்கள். சிரியஸ் என்னும் விண்மீன் மற்றெல்லா விண்மீன்களையும்விடப் பிரகாசமாக ஒளிர்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில், ஓரியன் கூட்டத்தில், ரிகெல் என்னும் விண்மீன் அதனினும் மங்கலாகத் தெரிகிறது. வெறுங்கண்ணால் பார்ப்பவன் சிரியஸே பெரியது என்பான். வானியல் அறிஞர் அவ்வாறு சொல்லமாட்டார். சிரியஸ் நமக்கு அண்மையில், 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ரிகெலோ ஏறத்தாழ 860 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. சிரியஸ் நம் சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு ஒளி தருவது. ரிகெல் தருவதோ பல்லாயிரம் மடங்கு.

அப்படியானால் விண்மீன்களை எப்படி நேர்மையாக ஒப்பிடுவது? வானியலார் இதற்கொரு வழி கண்டார்கள். எல்லா விண்மீன்களையும் ஒரே தொலைவில், அதாவது 32.6 ஒளியாண்டுத் தொலைவில், வைத்ததாகக் கற்பனை செய்துகொண்டு, அங்கிருந்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளிரும் என்று கணக்கிடுகிறார்கள். தொலைவு என்னும் வேற்றுமை நீங்கிவிட்டால், எஞ்சி நிற்பது விண்மீனின் சொந்த ஒளி.

விளையாட்டு வீரர்களுக்குக் காலமே தொலைவு. நமக்கு அண்மையில் உள்ளவர் பிரகாசமாகத் தெரிகிறார். சில வேளைகளில் இது தலைகீழாகவும் நேர்கிறது. நம் இளமையில் கண்ட வீரரே நம் நினைவில் பேரொளியாக நின்றுவிடுகிறார். அவருக்குப் பின் வந்தவரெல்லாம் மங்கலாகத் தோன்றுகின்றனர். காலம் என்னும் இந்தத் தொலைவை நீக்கிப் பார்க்க வழி உண்டா? நம் நாட்டுக் குத்துச்சண்டை வீரர்களையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

குத்துச்சண்டையில் வீரர்களை எடைக்கு ஏற்பப் பிரிப்பார்கள். அவற்றுள் மேல்நிலையில் உள்ளது ஹெவிவெயிட் எனப்படும் உயர் எடைப் பிரிவு. அப்பிரிவில் இந்தியாவின் பெயரை ஆசியாவெங்கும் நிலைநாட்டிய இருவர் ஹவா சிங்கும் கவுர் சிங்கும் ஆவர். இருவரும் இந்திய ராணுவத்தில் பணிபுரிந்தவர்கள்.

ஹவா சிங் 1937-ஆம் ஆண்டு இன்றைய ஹரியானா மாநிலத்தின் பிவானிப் பகுதியில் பிறந்தவர். 1956-இல் ராணுவத்தில் சேர்ந்தார். 1961-ஆம் ஆண்டு தொடங்கி 1972 வரையில் தேசியப் பட்டத்தைப் பதினொரு முறை வென்றார். 1966-இல் பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் தங்கப்பதக்கம் பெற்றார். 1970-இல் அதே பாங்காக்கில் மீண்டும் தங்கம் பெற்றார். 1966-இல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது.

கவுர் சிங் 1948-ஆம் ஆண்டு பஞ்சாபில், சங்ரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் தோன்றியவர். 1971-இல் ராணுவத்தில் சேர்ந்தார். அவர் குத்துச்சண்டை பழகத் தொடங்கியதோ 1977-ஆம் ஆண்டை ஒட்டித்தான். ஏனைய வீரர்கள் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயதில் அவர் கையுறையை மாட்டினார். ஆயினும் 1979-இல் தேசியப் பட்டம் அவருடையதாயிற்று. 1980-இல் பம்பாயில் நடந்த ஆசியக் குத்துச்சண்டைப் போட்டியிலும், 1982-இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டிலும் தங்கம் வென்றார். அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இவ்விருவருக்கும் பின்னே, நம் காலத்தில் எழுந்து வருபவர்களுள் ஒருவர் நரேந்தர் பெர்வால். 2023-ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், 92 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் அவர் வெண்கலப்பதக்கம் பெற்றார்.

ஹவா சிங்குக்கு இரண்டு தங்கம். கவுர் சிங்குக்கு ஒரு தங்கம். நரேந்தருக்கு ஒரு வெண்கலம். கணக்கு முடிந்துவிட்டது, முன்னவரே பெரியவர், பின்னவர் சிறியவர் என்று நாம் எழுந்து போய்விடலாமா? போகக்கூடாது. மூன்று வேற்றுமைகளை முதலில் நோக்க வேண்டும்.

முதலாவது, எடை. ஹெவிவெயிட் என்னும் சொல் ஒன்றேயாயினும் அதன் பொருள் காலந்தோறும் மாறியிருக்கிறது. 1980 வரையில் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 81 கிலோவுக்கு மேற்பட்ட அனைவரும் ஒரே பிரிவினர். 85 கிலோ வீரர் 110 கிலோ வீரரோடு மோத வேண்டும். 1984-இல்தான் 91 கிலோவில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேற்பட்டவர்களுக்கு சூப்பர் ஹெவிவெயிட் என்னும் தனிப்பிரிவு அமைத்தார்கள். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலோ 92 கிலோவில் அந்தக் கோடு நின்றது. ஆகவே ஹவா சிங் ஆடிய பிரிவும் நரேந்தர் ஆடும் பிரிவும் பெயரளவில் உறவுடையவை, உண்மையில் வெவ்வேறானவை.

இரண்டாவது, விதி. ஹவா சிங் தங்கம் வென்ற நாட்களில் தலைக்காப்பு அணியும் வழக்கம் போட்டிகளில் இல்லை. 1984-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தலைக்காப்பு கட்டாயமாயிற்று. 2016-இல் ஆடவர்க்கு அது மீண்டும் நீக்கப்பட்டது. மதிப்பெண் இடும் முறையும் மாறியது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ் தெளிவாக மேம்பட்டு ஆடியும் நடுவர்கள் அவரைத் தோற்றவராக அறிவித்தனர். அதனால் எழுந்த கண்டனத்தை அடுத்து, 1992-இல் பொத்தானை அழுத்திக் கணிப்பொறி வழியே குத்துகளை எண்ணும் முறை வந்தது. பின்னர் அதுவும் கைவிடப்பட்டுச் சுற்றுக்குப் பத்து மதிப்பெண் என்னும் முறை ஏற்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு. இன்று மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. விதி மாறினால் ஆட்டமும் மாறும். குத்துகளை எண்ணும் காலத்தில், வலிமையாக ஒரு குத்து விடுவதைவிட விரைவாகத் தொட்டு விலகுவதே ஆதாயம். அக்காலத்து வீரரைப் பார்த்து இவருக்கு வலிமை இல்லை என்று பழிப்பது, ஓட்டப்பந்தய வீரரைப் பார்த்து இவருக்கு நீந்தத் தெரியவில்லை என்று பழிப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, எதிராளி. இதுவே மூன்றனுள் பெரியது. ஆனால் பெரும்பாலோர் எண்ணிப் பாராதது. 1966-இலும் 1970-இலும் 1982-இலும் உஸ்பெகிஸ்தானும் கசகஸ்தானும் சோவியத் ஒன்றியத்தின் பகுதிகளாக இருந்தன. அந்நாடுகளின் வீரர்கள் ஆசிய விளையாட்டில் கலந்துகொள்ளவில்லை. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்த பிறகு, 1994-ஆம் ஆண்டு முதல் அவர்கள் ஆசிய அரங்கில் தோன்றினார்கள். குத்துச்சண்டையில் உலகின் தலைசிறந்த நாடுகளுள் அவை எண்ணப்படுகின்றன. டோக்கியோவிலும் பாரிஸிலும் சூப்பர் ஹெவிவெயிட் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற பகோதிர் ஜலோலவ் உஸ்பெகிஸ்தான் வீரர். டோக்கியோவில் இந்தியாவின் சதீஷ் குமார், நம் நாட்டிலிருந்து ஒலிம்பிக்கின் சூப்பர் ஹெவிவெயிட் பிரிவுக்குச் சென்ற முதல் வீரர், முகத்தில் தையல் போட்ட காயங்களோடு காலிறுதியில் எதிர்கொண்டதும் இதே ஜலோலவைத்தான். ஹாங்ஜோவில் நரேந்தரை அரையிறுதியில் வென்றவர் கசகஸ்தான் வீரர். ஆசியப் பதக்கம் என்னும் பெயர் மாறவில்லை. அதற்கு ஏறவேண்டிய படிகளின் எண்ணிக்கை மாறிவிட்டது.

இதனால் ஹவா சிங்கின் தங்கம் மாற்றுக் குறைந்தது என்று எவரும் கொள்ளலாகாது. தம் எதிரே நின்றவரையே ஒருவர் வெல்ல முடியும். நில்லாதவரை எவ்வாறு வெல்வது? நான் சொல்லவருவது இவ்வளவே: தங்கம் வெண்கலம் என்னும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு முன்னவரையும் பின்னவரையும் தராசில் ஏற்ற முடியாது.

"எல்லா விவரங்களையும் ஓர் இயந்திரத்திடம் கொடுத்து விடை கேட்கலாமே?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1967-ஆம் ஆண்டு அமெரிக்க வானொலியில் ஒரு விந்தையான தொடர் ஒலிபரப்பாயிற்று. வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களைப் பற்றிய விவரங்களை ஒரு கணிப்பொறிக்குக் கொடுத்து, இன்னாரோடு இன்னார் மோதினால் யார் வெல்வார் என்று கணக்கிடச் செய்து, அதை மெய்யான போட்டிபோல் வருணித்தார்கள். முடிவில் ராக்கி மார்சியானோ வென்றதாகக் கணிப்பொறி கூறியது. முகமது அலியோ இடையிலேயே பழங்கால வீரர் ஜிம் ஜெப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். அலி வெகுண்டு வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1969-இல் அலியும் மார்சியானோவும் ஒரே மேடையில் ஏறி, பல சுற்றுகளை நடித்துக் காட்டிப் படம் பிடிக்கப்பட்டது. கணிப்பொறியின் முடிவுப்படி, பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ வெல்வதாக 1970-இல் அப்படம் திரையிடப்பட்டது. அதைக் காண மார்சியானோ உயிரோடு இல்லை. 1969 ஆகஸ்டில் விமான விபத்தில் அவர் இறந்துபோனார்.

கணிப்பொறி பொய் சொல்லிற்றா? இல்லை. விரைவுக்கு இத்தனை மதிப்பு, வலிமைக்கு இத்தனை மதிப்பு, அடி தாங்கும் ஆற்றலுக்கு இத்தனை மதிப்பு என்று மனிதர் வகுத்துக் கொடுத்தார்கள். அது கூட்டிச் சொல்லிற்று. அந்த மதிப்பை வகுத்தவர் கண்ணுக்குப் பழைய ஆட்டமுறையே இலக்கணமாக இருந்தால், புதிய ஆட்டமுறை பிழையாகத்தான் தோன்றும்.

அலியின் இளமையில் இதுவே நடந்தது. கேஷியஸ் கிளே என்னும் பெயரோடு அவர் எழுந்து வந்தபோது, குத்துச்சண்டை வல்லுநர்கள் அவரை ஜோ லூயிஸோடு ஒப்பிட்டார்கள். லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தைக் காத்து, 25 முறை அறைகூவல்களை முறியடித்தவர். கைகளை முகத்தின்முன் உயர்த்தி, எதிராளியை அடிமேல் அடி வைத்து நெருங்குவது லூயிஸின் முறை. கிளே கைகளைத் தாழ்த்திக்கொண்டு ஆடினார். குத்து வரும்போது தலையைப் பின்னே சாய்த்தார். மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். இவையெல்லாம் கற்றுக்குட்டியின் பிழைகள் என்றார்கள் வல்லுநர்கள். 1964 பிப்ரவரி 25-இல் அன்றைய சாம்பியன் சானி லிஸ்டனை அவர் எதிர்த்தபோது, அவர் வெல்வார் என்று நம்பியவர் மிகச் சிலரே. லிஸ்டன் ஏழாம் சுற்றுக்கு எழுந்து வரவில்லை. 22 வயதுக் கிளே சாம்பியனானார். முன்னவரை அளந்த கோலைக் கொண்டே பின்னவரை அளந்ததால் வந்த பிழை இது.

"சரி, கணக்கு வேண்டாம், கணிப்பொறியும் வேண்டாம், இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்துவிடலாமே!" என்பது இறுதியாக எழும் எண்ணம். அப்படியொரு காட்சியும் நம் நாட்டில் நிகழ்ந்தது. 1980 ஜனவரி 27-ஆம் நாள் டெல்லியில் முகமது அலியும் நம் கவுர் சிங்கும் நான்கு சுற்றுக் காட்சிப் போட்டியில் எதிரெதிரே நின்றார்கள். அலிக்கு 38 வயது நிறைந்து பத்து நாட்கள்தாம் ஆகியிருந்தன; மும்முறை உலகப் பட்டம் வென்று, 1979-இல் ஓய்வை அறிவித்துவிட்டவர். கவுர் சிங் அப்போதுதான் தேசியப் பட்டம் பெற்று எழுந்துவந்தவர். அதே பயணத்தில் அலி சென்னைக்கும் வந்தார். நேரு விளையாட்டரங்கில், தம் பழைய தோழரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு அவர் ஆடியதை எம்.ஜி.ஆர். உள்ளிட்ட பெருங்கூட்டம் கண்டு மகிழ்ந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குழுப்பிரிந்து குத்துச்சண்டையை வளர்த்த வடசென்னைக்கு அது திருவிழாவாக இருந்ததில் வியப்பில்லை.

டெல்லிக் காட்சியிலிருந்து யார் பெரியவர் என்பதை அறிய முடிந்ததா? முடியவில்லை. ஒருவரை ஒருவர் வீழ்த்தும் நோக்கமின்றி ஆடுவதே காட்சிப் போட்டி. ஓய்வுபெற்ற தொழில்முறைச் சாம்பியன் ஒருபுறம். குத்துச்சண்டை பழகிச் சில ஆண்டுகளே ஆன அமெச்சூர் வீரர் மறுபுறம். ஆயினும் அந்த நான்கு சுற்றுகளுக்கு ஒரு மதிப்பு உண்டு. உலகின் மிக உயர்ந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்பதைக் கவுர் சிங் தம் கண்ணாலும் கையாலும் அறிந்துகொண்டார். முன்னவரைச் சந்தித்ததால் பின்னவர் பெறும் பயன் அது. வெற்றி தோல்விக் கணக்கில் ஏறாத பயன்.

நோக்கம் மாறி, உண்மையாகவே மோதவிட்டால் என்ன ஆகும்? வரலாறு அதற்கும் விடை சொல்கிறது. அது துன்பமான விடை. 1951 அக்டோபர் 26-இல் நியூயார்க்கில், ஓய்விலிருந்து திரும்பிவந்த 37 வயது ஜோ லூயிஸை இளைஞர் மார்சியானோ எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். வரிக்கடன் லூயிஸின் கழுத்தை நெரித்ததால்தான் அவர் திரும்பி வந்தார். இந்தியாவிலிருந்து சென்ற அதே 1980-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், அலியும் ஓய்வைக் கைவிட்டு மேடை ஏறினார். எதிராளி லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் துணைவராக இருந்தவர். பத்துச் சுற்றுகள் அலி அடி வாங்கினார். அதன்பின் அவருடைய பயிற்சியாளர் போட்டியை நிறுத்தினார். 1984-இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது கண்டறியப்பட்டது. நா வன்மையால் உலகை மயக்கிய அவர், பேச்சுத் தளர்ந்து, கை நடுங்கி, 2016-இல் மறைந்தார். சென்னையில் அவரோடு ஆடிய எல்லிஸும் நினைவிழப்பு நோயால் துன்புற்று 2014-இல் காலமானார்.

மூளை மண்டையோட்டினுள் மிதப்பதுபோல் அமைந்திருக்கும் மென்மையான உறுப்பு. தலையில் குத்து விழும்போது மண்டையோடு சட்டென்று திரும்புகிறது. மூளை அதைப் பின்தொடர்ந்து குலுங்குகிறது. நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு நைகின்றன. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு அடிபட்டவர்க்குப் பிற்காலத்தில் நினைவும் பேச்சும் நடையும் கெடக்கூடும். வயது ஏற ஏறக் குத்தைக் கண்டு விலகும் விரைவும் குறைகிறது. ஆதலால் முதியவரை மீண்டும் மேடை ஏற்றி, பழையவர் பெரியவரா புதியவர் பெரியவரா என்று பார்க்க விரும்பும் நம் ஆவலுக்கு விலை கொடுப்பவர் நாமல்லர். நேயர்களே, யார் பெரியவர் என்னும் வினா பொழுதுபோக்கான வினாவாகத் தோன்றலாம். அரங்கில் இருக்கை வாங்கி அமரும் பல்லாயிரவர் அதே வினாவைக் கேட்கும்போது, ஒருவருடைய முதுமையே பணயமாகிவிடுகிறது.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம். யார் யாரை வெல்வார் என்னும் விடையற்ற வினாவை விடுத்து, விடையுள்ள மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். அவர் எதைப் பெற்றுத் தொடங்கினார்? பெற்றதைக் கொண்டு என்ன செய்தார்? பின்வருபவர்க்கு எதை விட்டுச் சென்றார்? விண்மீன்களை ஒரே தொலைவில் வைத்து நோக்குவதுபோல, வெவ்வேறு காலத்தவரை ஒரே நிலையில் வைத்து நோக்க இவ்வினாக்கள் ஓரளவு துணைபுரியும்.

முதல் வினாவைக் கேட்டால் கவுர் சிங் உயர்ந்து நிற்கிறார். முப்பது வயதை நெருங்கும் காலத்தில் தொடங்கி, ஐந்தே ஆண்டுகளில் ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றவர் அவர். இரண்டாம் வினாவைக் கேட்டால் ஹவா சிங் முன்னே வருகிறார். பத்தாண்டுக்கு மேலாக நாட்டில் தமக்கு நிகரில்லாமல் நின்று, ஆசியத் தங்கத்தை இருமுறை பெற்ற உறுதி அவருடையது. மூன்றாம் வினாவுக்கு விடை பிவானி நகரில் இருக்கிறது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஹவா சிங் அங்கே இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை பயிற்றினார். அவர் நட்ட விதை அவருக்குப் பின்னும் வளர்ந்தது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் ஐவருள் நால்வர் பிவானியைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார். அதைக் காண ஹவா சிங் இல்லை. சிறந்த பயிற்சியாளருக்குரிய துரோணாச்சார்யா விருது தம் கைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னரே, 2000 ஆகஸ்டில் அவர் மறைந்துவிட்டார்.

நான்காவது வினா ஒன்றும் இருக்கிறது; அது வீரரை நோக்கியதன்று, நம்மை நோக்கியது. முன்னவர்க்கு நாம் என்ன செய்தோம்? கவுர் சிங் ஓய்வு பெற்றுத் தம் ஊரில் உழவராக வாழ்ந்தார். இதய நோய்ச் சிகிச்சைக்காக அவர் கடன்பட நேர்ந்த செய்தி 2017-இல் வெளிவந்த பிறகே மத்திய விளையாட்டு அமைச்சகம் 5 லட்சம் ரூபாய் உதவி வழங்கியது. 2023 ஏப்ரலில் அவர் காலமானார். அவருடைய வாழ்க்கையைப் பள்ளிப் பாடத்தில் சேர்ப்பதாகப் பஞ்சாப் அரசு அந்த ஆண்டில் அறிவித்தது. பழைய சாம்பியன் பெரியவரா என்று வாதிடுவோர் பலர்; பழைய சாம்பியன் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று கேட்பவர் சிலரே.

இனி, புதூர்நாட்டு மாணவனிடம் திரும்புவோம். அவன் தாத்தாவின் காலத்தில் தலையில் சாமை மூட்டையோடு மலையிறங்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறிவருவார்கள். பேரன் பேருந்தில் ஏறிப் போய் வருகிறான். மூட்டையைத் தூக்கி மலையேறும் போட்டி வைத்தால் தாத்தாவின் இளமைக்குப் பேரன் ஈடாகமாட்டான். தாத்தா சொல்வது மெய்தான். ஆனால் பேரன் மூட்டை தூக்க வேண்டும் என்பதற்காகவா அவர் அந்த மூட்டையைத் தூக்கினார்? அவன் பத்தாம் வகுப்பில் அமர்ந்து எழுதும் கணக்கும் அந்த ஏற்றத்தின் தொடர்ச்சியே.

ஆகவே, தம்பி, நீ இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருப்பாயானால், தாத்தாவோடு வாதிடாதே. மாலையில் அவர் அருகே அமர்ந்து, எந்த வழியாக இறங்கினீர்கள், எத்தனை நாழிகை ஆயிற்று, எங்கே இளைப்பாறினீர்கள் என்று கேள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வை. முன்னவர் ஏறிய பாதையை அறிந்துகொண்டவனுக்கே, தான் எங்கிருந்து ஏறத் தொடங்குகிறோம் என்பது தெரியும்.